வெனிஸிலிருந்து தீவுகளுக்கு: ஒரு நாள் படகுப் பயணத்தை நீங்களே திட்டமிடுவது எப்படி

வெனிஸுக்குப் போகிறவர்களில் பலர் சான் மார்க்கோ சதுக்கம், ரியால்தோ பாலம், ஒரு கொண்டோலா சவாரி என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நேரம் மிஞ்சினால் அரை நாளில் மூன்று தீவைக் காட்டுகிறோம் என்று கூவி அழைக்கும் சுற்றுலாப் படகில் ஏறுகிறார்கள். அந்தப் படகுகள் ஒவ்வொரு தீவிலும் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. அதிலும் கண்ணாடிக் கடையில் கழியும் நேரம்தான் அதிகம். சுற்றிலும் உள்ள தீவுகளைப் பார்க்காமல் வெனிஸ் எப்படி உருவானது என்பது புரியவே புரியாது. அதனால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், பொதுப் படகில் போங்கள், எந்தத் தீவுக்கு முதலில் போவது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். செலவும் குறையும்.

இந்தக் கட்டுரை முதல்முறை போகிறவர்களுக்கானது. முரானோ, புரானோ, டோர்செல்லோ என்ற மூன்று தீவுகளையும், வழியில் இருக்கும் கல்லறைத் தீவான சான் மிக்கேலேயையும் ஒரே நாளில் பார்க்கும்படி திட்டம் போட்டிருக்கிறேன்.

முதலில் காயலைப் புரிந்துகொள்ளுங்கள்

வெனிஸ் நகரம் ஏறக்குறைய 550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு காயலின் நடுவே இருக்கிறது. அட்ரியாட்டிக் கடலுக்கும் காயலுக்கும் இடையே லீடோ, பெல்லெஸ்ட்ரினா என்ற நீளமான மணல்திட்டுகள் கரைபோலக் கிடக்கின்றன. மூன்று முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. காயலின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. அதனால் படகுகள் நினைத்த இடத்தில் போக முடியாது. ஆழமான கால்வாய்த் தடங்களை இரண்டு மூன்று மரக்கம்பங்களைச் சேர்த்துக் கட்டிய கம்பக்கூட்டங்களால் குறித்திருக்கிறார்கள். உங்கள் படகு நீர்வெளியின் நடுவே திடீரென வளைந்து வளைந்து போனால் காரணம் இதுதான்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. திறந்த கடல் இல்லை என்பதால் பெரிய அலை கிடையாது. படகில் தலைசுற்றும் என்று பயப்படுகிறவர்கள்கூடத் தைரியமாக ஏறலாம்.

எந்த நாள், எந்த மாதம்

செவ்வாய் முதல் வெள்ளிவரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். புரானோவின் சரிகைப் பின்னல் (லேஸ்) அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முரானோவின் கண்ணாடி உலைகளில் பல சனி, ஞாயிறு வேலை செய்வதில்லை. வார இறுதியில் கூட்டமும் நெரியும்.

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் எல்லாம் நல்ல காலம். ஆகஸ்டில் வெயிலோடு கொசுவும் சேர்ந்துகொள்ளும், குறிப்பாக டோர்செல்லோவின் சதுப்புப் பக்கம். தவிர, உலைகளை அணைத்துவிட்டு விடுமுறையில் போகும் வழக்கம் முரானோவில் நெடுங்காலமாக உண்டு. நவம்பர் முதல் ஜனவரிவரை மூடுபனி இறங்கும். பனிக்குள் படகில் போவது அழகுதான், ஆனால் தூரத்தில் ஒன்றும் தெரியாது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நீர்மட்டம் உயர்ந்து தெருக்களில் தண்ணீர் ஏறும். 2019 நவம்பர் 12-ஆம் தேதி அது 187 சென்டிமீட்டர்வரை போனது. முகத்துவாரங்களில் பொருத்தியிருக்கும் மோசே தடுப்புகளை 2020 அக்டோபரில் முதல்முறையாக நிஜ வெள்ளத்துக்கு எதிராக உயர்த்தினார்கள். அதன்பின் நிலைமை மிகவும் மாறிவிட்டது. இருந்தாலும் நீர் உயரும் நாட்களில் சில படகுகளால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் போக முடியாது, வழி மாறும். காலையில் ஒருமுறை நீர்மட்ட முன்னறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு அதையும் பார்ப்பது நல்லது. வேலைநிறுத்த நாளில் தீவுப் படகுகள் மிகவும் குறைந்துவிடும்.

டிக்கெட் கணக்கு

வெனிஸின் பொதுப் படகுக்குப் பெயர் வபோரெத்தோ. ஏ.சி.டி.வி என்ற நகரப் போக்குவரத்து நிறுவனம் இயக்குகிறது. அண்மைய ஆண்டுகளின் விலைப்படி 75 நிமிடம் செல்லும் ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ, ஒரு நாள் பாஸ் 25 யூரோ, இரண்டு நாளுக்கு 35, மூன்று நாளுக்கு 45. இந்தக் கட்டுரையில் சொல்லும் பயணத்தை ஒற்றை டிக்கெட்டில் செய்தால் குறைந்தது நான்கு வாங்க வேண்டிவரும், 38 யூரோ ஆகிவிடும். அதனால் யோசிக்காமல் ஒரு நாள் பாஸ் வாங்குங்கள். அந்த 24 மணி நேரம் முதல்முறை இயந்திரத்தில் காட்டும்போதுதான் தொடங்கும். காலை எட்டரைக்குத் தொடங்கினால் மறுநாள் காலை எட்டரைவரை செல்லும். 6 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ரோலிங் வெனிஸ் என்ற அட்டை உண்டு, அதை வைத்து மூன்று நாள் பாஸை மலிவாக வாங்கலாம். ஆறு வயது ஆகாத குழந்தைகளுக்கு டிக்கெட் தேவையில்லை.

டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் துறையின் வாசலில் இருக்கும் சிறு இயந்திரத்தில் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். பச்சை விளக்கு வந்தபின்தான் உள்ளே போகவேண்டும். பாஸ் வைத்திருக்கிறோமே என்று தொடாமல் ஏறி, பரிசோதகரிடம் அபராதம் கட்டுகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து வரும் அலிலகூனா படகு வேறு நிறுவனத்துடையது. அதில் இந்தப் பாஸ் செல்லாது.

இன்னொரு கட்டணமும் உண்டு. 2024 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட சில நாட்களில், இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்து போகிறவர்கள் பழைய நகரத்துக்குள் நுழைவதற்கு ஐந்து யூரோ கட்ட வேண்டும். 2025 முதல், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் பத்து. முரானோ, புரானோ, டோர்செல்லோ போன்ற தீவுகளுக்கு இது கிடையாது, ஆனால் நீங்கள் படகு ஏறும் இடம் பழைய நகரத்துக்குள் இருக்கிறது. நகரத்தில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கையும் இணையத்தில் பதிவு செய்து குறியீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வரிசைதான் முக்கியம்

கூட்டம் எப்போதும் பக்கத்திலிருந்து தூரத்துக்கு நகர்கிறது. காலையில் முரானோ, மதியம் புரானோ, நேரமும் தெம்பும் இருந்தால் டோர்செல்லோ. அதனால் பெரும்பாலானவர்கள் டோர்செல்லோவை விட்டுவிடுகிறார்கள். மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். போகும்போது முரானோவில் இறங்காதீர்கள். தூரத்துத் தீவுகளை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் இறங்குங்கள்.

நகரத்தின் வடக்குக் கரையில் ஃபொந்தமெந்தே நோவே என்ற படகுத்துறை இருக்கிறது. சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து நடந்தே இருபது இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடலாம். ரயில் நிலையத்திலிருந்து நேரடிப் படகும் உண்டு. அங்கே மிதவை மேடைகள் பல இருக்கும். 12 என்று எழுதிய மேடையில் நில்லுங்கள். பகலில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு படகு. காலை ஒன்பது மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். புரானோ போய்ச்சேர 40 முதல் 45 நிமிடம் ஆகும்.

படகு வந்ததும் முண்டியடிக்காதீர்கள். படகாள் ஒருவர் தடித்த கயிற்றை மேடையிலுள்ள இரும்புக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றுவார், இன்ஜின் இழுக்கும் இழுப்பில் கயிறு முறுகி முனகும், படகின் விளிம்பு மேடையோடு ஒட்டி நிற்கும். அதன்பிறகுதான் இரும்புக் கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பார். இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கியபின் ஏறுங்கள். முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு இதுதான் பேருந்து. சக்கரநாற்காலியில் வருகிறவர்களும் பெரும்பாலான படகுகளில் ஏறலாம். தீவுகளுக்குள் படிக்கட்டுப் பாலங்கள்தான் சிரமம் தரும்.

காலை: புரானோ, பிறகு டோர்செல்லோ

டோர்செல்லோ பேராலயம் காலை பத்தரை மணிவாக்கில்தான் திறக்கும். அதற்குமுன் புரானோவில் அரை மணி, முக்கால் மணி கிடைக்கும். இந்த நேரம்தான் புரானோவின் நல்ல நேரம். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சுவருக்குச் சுவர் நிறம் மாறும் வீடுகள், வாசலில் கூட்டிப் பெருக்கும் மனிதர்கள், ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கொடியில் துணி. சான் மார்த்தினோ ஆலயத்தின் மணிக்கோபுரம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி சாய்ந்து நிற்கும். படம் எடுங்கள், ஆனால் இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசல் திரையை விலக்குவது, படிக்கட்டில் உட்கார்ந்து போஸ் கொடுப்பது எல்லாம் வேண்டாம்.

அப்புறம் டோர்செல்லோவுக்குப் படகு. ஐந்தே நிமிடம். இந்தத் தடத்தின் நேரம் அடிக்கடி மாறுவதால், புரானோவில் இறங்கியவுடனே துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்துப் போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துறையிலிருந்து ஆலயத்துக்கு ஒரு கால்வாய் ஓரமாகவே பத்து நிமிட நடை. பாதிவழியில் ஒரு சிறிய பாலம் வரும். சாத்தானின் பாலம் என்று பெயர். பக்கவாட்டில் கைப்பிடிச் சுவரே கிடையாது. ஒரு காலத்தில் வெனிஸின் பாலங்கள் இப்படித்தான் இருந்தன. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்று டோர்செல்லோவில் நிரந்தரமாக வசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வெனிஸ் ஒரு நகரமாகத் தலையெடுக்கும் முன்பே இது பெரிய வணிக ஊர். ஆல்தீனோ என்ற நிலப்பகுதி ஊரிலிருந்து பகைவருக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் இங்கே குடியேறினார்கள். பிறகு ஆற்று வண்டலால் தடங்கள் தூர்ந்தன, மலேரியா பரவியது, மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினார்கள். இங்கிருந்த கட்டடங்களைப் பெயர்த்துக் கல்லையும் செங்கல்லையும் வெனிஸ் கட்டக் கொண்டுபோனார்கள். மிஞ்சியது சாந்தா மரியா அசுந்தா பேராலயமும், அதை ஒட்டிய சாந்தா ஃபோஸ்கா ஆலயமும், இன்னும் சில கட்டடங்களும்தான்.

பேராலயம் 639-இல் நிறுவப்பட்டது. இன்று நாம் பார்க்கும் வடிவம் பெரும்பாலும் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. உள்ளே போனதும் அவசரப்படாமல் மேற்குச் சுவருக்கு எதிரே கிடைத்த இடத்தில் நில்லுங்கள். சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பைக் காட்டும் மொசைக் ஓவியம். மேலிருந்து கீழே வரிசை வரிசையாகப் படியுங்கள். தேவதூதர்கள் கொம்பு ஊதுகிறார்கள். சிங்கங்களும் கடல் விலங்குகளும் தாங்கள் விழுங்கிய மனிதர்களின் கையையும் காலையும் தலையையும் திரும்பக் கக்குகின்றன. கதவுக்கு மேலே ஒரு தராசு. ஒரு பக்கம் தேவதூதன் பிடித்திருக்க, மறுபக்கம் பிசாசுகள் தட்டைத் தங்கள் பக்கம் சாய்க்கப் பார்க்கின்றன. கீழே நரகப் பகுதியில், பொறாமைக்காரர்களின் மண்டையோடுகளில் கண் இருந்த குழி வழியே பாம்புகள் நெளிகின்றன. இவ்வளவையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி எதிர்ப்பக்க அரைவட்ட மாடத்தைப் பாருங்கள். வெறும் தங்கநிறப் பரப்பு. அதன் நடுவே குழந்தையோடு மரியாள் மட்டும் தனியாக நிற்கிறாள். இரண்டு சுவர்களையும் எதிரெதிராகத் திட்டமிட்டே வைத்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்று திரும்பினால் தெரியும். இதற்கு அரை மணியாவது கொடுங்கள். இது வழிபாட்டிடம், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

மணிக்கோபுரம் திறந்திருந்தால் ஏறுங்கள். மேலே நின்றால் சதுப்புத் திட்டுகள், அவற்றுக்குள் வளைந்தோடும் நீர்த்தடங்கள், தூரத்தில் புரானோ என்று காயல் முழுக்கத் தெரியும். வெளியே புல்வெளியில் ஒரு கல் இருக்கை கிடக்கும். ஹூண அரசன் அத்திலாவின் சிம்மாசனம் என்பார்கள். அத்திலாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஊர் நீதிபதி அமரும் இருக்கையாக இருந்திருக்கலாம்.

மதியம்: மறுபடி புரானோ

பன்னிரண்டரைக்குள் புரானோ திரும்பிவிடுங்கள். இப்போது பிரதானத் தெருவில் கூட்டம் இருக்கும். சாப்பாட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் போங்கள், அல்லது மரப்பாலம் கடந்து பக்கத்துத் தீவான மட்சோர்போவுக்கு நடந்துவிடுங்கள். அங்கே திராட்சைத் தோட்டமும் அமைதியும் இருக்கும். கோ என்ற சிறிய காயல் மீனின் சாற்றில் வேகவைத்த ரிசோத்தோ சோறுதான் புரானோவின் சொந்தச் சமையல். உணவகத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் சேரும், அது ஏமாற்று வேலை இல்லை, இத்தாலியின் வழக்கம். முட்டை மஞ்சள்கருவும் வெண்ணெயும் சேர்த்த வளைய பிஸ்கட் பொட்டலம் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பல நாள் கெடாது.

சரிகைப் பின்னல் வாங்க ஆசையா? முதலில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1872-இல் தொடங்கிய பின்னல் பள்ளியின் பழைய கட்டடத்தில்தான் அது இருக்கிறது. ஊசியும் நூலும் மட்டும் வைத்து, துணியே இல்லாமல் காற்றில் பின்னுவது இந்தத் தீவின் கலை. ஒரு பெண் ஒரு வகைத் தையலை மட்டும் போட்டு அடுத்தவரிடம் தருவார், பல கை மாறித்தான் ஒரு துண்டு முடியும். உள்ளங்கை அகலத் துண்டுக்கே பல வாரம் ஆகும். இதைப் பார்த்தபின் தெருக்கடையில் மலிவாகத் தொங்கும் மேசை விரிப்பு கையால் பின்னியது இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் இயந்திரப் பின்னலுக்கு உண்டான விலைக்கே வாங்குங்கள்.

பிற்பகல்: முரானோ

ஒன்றரை மணிவாக்கில் 12-ஆம் எண் படகைப் பிடித்து முரானோவின் ஃபாரோ துறையில், வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் அடியில் இறங்குங்கள். மூன்று மணிக்குள் ஒரு உலையைப் பார்த்துவிட வேண்டும், நான்கு மணிக்குமேல் பலவற்றில் வேலை முடிந்துவிடும்.

தீ விபத்துக்குப் பயந்து 1291-இல் வெனிஸ் குடியரசு கண்ணாடி உலைகளை எல்லாம் நகரத்திலிருந்து முரானோவுக்கு மாற்றச் சொன்னது. தொழில் ரகசியம் வெளியே போகாமல் காப்பதற்கும் அது வசதியாயிற்று. இன்றும் உலை முன்னால் நின்று பார்த்தால் வியப்பு குறையாது. ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று குழாய் நுனியில் தொங்கும் கண்ணாடி, இடுக்கியால் நாலைந்து இழுப்பில் தாவும் குதிரையாகிவிடும். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் உலைக்கே போங்கள். நகரத்தில் விடுதி வாசலிலோ சதுக்கத்திலோ நின்று இலவசப் படகில் முரானோ கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படகு இலவசம்தான். ஆனால் அது நேராக ஒரு விற்பனைக் கூடத்தில் கொண்டுபோய் விடும், வாங்காமல் வெளியே வருவது சங்கடமாக இருக்கும்.

கண்ணாடிப் பொருள் வாங்குவதாக இருந்தால் வெத்ரோ ஆர்திஸ்திகோ முரானோ என்ற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெனெத்தோ மாநிலம் அங்கீகரித்த முத்திரை அது. நகரமெங்கும் முரானோ கண்ணாடி என்று விற்பதில் நிறைய வெளிநாட்டுச் சரக்கு.

நேரம் இருந்தால் சாந்தி மரியா எ தோனாத்தோ ஆலயத்துக்கு நடந்து போங்கள், அதன் தரையைப் பார்ப்பதற்காக. 12-ஆம் நூற்றாண்டு மொசைக், பல இடங்களில் அலைபோல மேடுபள்ளமாகிவிட்டது. அதில் ஒரு மூலையில் இரண்டு சேவல்கள் ஒரு நரியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் படம் இருக்கும், தேடிக் கண்டுபிடியுங்கள். பலிபீடத்தின் பின்னால் பெரிய எலும்புகள் தொங்கும். புனித தோனாத்துஸ் கொன்ற டிராகனுடையவை என்பது ஊர் நம்பிக்கை.

திரும்பும் வழி: சான் மிக்கேலே

முரானோவிலிருந்து ஃபொந்தமெந்தே நோவே திரும்பும் 4.1, 4.2 படகுகள் வழியில் சிமித்தேரோ என்ற துறையில் நிற்கும். அதுதான் கல்லறைத் தீவு. செங்கல் மதிலும் சைப்ரஸ் மரங்களுமாகக் காலையில் போகும்போதே பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் வாசலைச் சீக்கிரம் மூடுவார்கள், அந்த மாதங்களில் நான்கு மணிக்கு முன் வந்துவிட வேண்டும். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, கவிஞர்கள் எஸ்ரா பவுண்ட், ஜோசப் பிராட்ஸ்கி ஆகியோர் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ரஷ்ய பாலே குழுவை நடத்திய தியாகிலெவின் கல்லறைமேல் நடனக் கலைஞர்கள் தங்கள் பாலே காலணிகளைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போகிறார்கள். வெனிஸ் மக்கள் தங்கள் பெற்றோருக்குப் பூ வைக்க வரும் இடம் இது, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

தனிப் படகு எடுக்கலாமா

நாலைந்து பேர் சேர்ந்து வந்தாலும் வாட்டர் டாக்சியில் தீவு சுற்றுவது மிகவும் செலவு பிடிக்கும். உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடிய சிறு மோட்டார் படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதல்முறை வருகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கம்பம் நட்ட தடத்தைவிட்டுக் கொஞ்சம் விலகினாலும் நீர் இறங்கும் நேரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், மறுபடி நீர் ஏறும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது நாள் கிடைத்தால்

இரண்டு நாள் பாஸ் வாங்கியிருந்தால் சான் ஜியார்ஜோ மஜோரேவில் தொடங்குங்கள். பல்லாதியோ வடிவமைத்து 1566-இல் கட்டத் தொடங்கிய ஆலயம். கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. மேலிருந்து நகரமும், முந்தைய நாள் போய்வந்த வடக்குக் காயலும் சேர்ந்து தெரியும். சான் லாசரோ தீவில் 1717 முதல் ஆர்மீனியத் துறவிகள் வாழ்கிறார்கள். கவிஞர் பைரன் 1816-இல் அங்கே போய் ஆர்மீனிய மொழி படித்தார். அவர்களுடைய நூலகத்தில் அரிய கையெழுத்துச் சுவடிகள் இருக்கின்றன, பார்க்க முன்பதிவு வேண்டும். மியூசியமும் ஆலயமும் போதும் என்று தோன்றினால் 13-ஆம் எண் படகில் சான்த் எராஸ்மோவுக்குப் போங்கள். வெனிஸ் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தோட்டத் தீவு அது, ஊதா நிறக் கூனைப்பூவுக்கு (ஆர்ட்டிச்சோக்) பேர்போனது. கடைகள் மிகக் குறைவு, தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள். இறங்கியவுடன் திரும்பும் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும்.